வர்ஜ்யத்தில் கல்லான பக்கெட்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் அடுத்தடுத்த ஆணிகளில் இரண்டு காலண்டர்கள் தொங்குகின்றன. இடது பக்கம் தமிழ். திருத்தணியில் இருக்கும் என் தங்கை வருடம் தவறாமல் கொடுத்தனுப்புவது. வலது பக்கம் தெலுங்கு. புத்தூரில் நாங்கள் மளிகை வாங்கும் கடையில் தருவது. தமிழ்க் காலண்டர் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் என்று சொல்லி முடித்துக்கொள்ளும். தெலுங்குக் காலண்டர் அவற்றோடு துர்முகூர்த்தம், வர்ஜ்யம் என்று இன்னும் இரண்டு ஆகாத பொழுதுகளைச் சேர்க்கும். துர்முகூர்த்தமாவது கிழமைக்குக் கட்டுப்பட்டது. வர்ஜ்யம் நட்சத்திரத்தோடு போவதால் இன்று காலையில் இருக்கும், நாளை நடுநிசியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

திருத்தணிக்காரர்களுக்கு இடது காலண்டர் போதும். சித்தூர் தாண்டியவர்களுக்கு வலது போதும். நடுவில் இருக்கும் எங்களுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது. இதில் என் மனைவியின் கொள்கை தெளிவானது.

"எதுக்கு வம்பு? ரெண்டையும் பாத்துட்டா எந்த சாமிக்கும் கோவம் வராது."

இந்தக் கொள்கையின் விளைவாக, தெலுங்கு ஆஷாடம் பிறந்ததிலிருந்து தமிழ் ஆடி முடியும் வரை எங்கள் வீட்டில் எதுவும் தொடங்கப்படுவதில்லை. ஒன்று முடிவதற்குள் இன்னொன்று வந்துவிடும். மாடியில் சோலார் போடுவது என்று கோடையிலேயே முடிவு செய்தும், மேஸ்திரி படியேறியபோது ஆவணி பிறந்திருந்தது. நாராயணவனம் பக்கத்து மலைகளின் மேல் சாயங்காலங்களில் மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. என் நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளும் முதல் வரி வானத்தைப் பற்றியது என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

மழையைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததற்குக் காரணம் மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை. அது என் மனைவியின் அறை. அவள் மக்கம் ஒர்க் செய்கிறாள். கல்யாணப் பெண்களின் பட்டு ரவிக்கைத் துணியைக் கட்டில் நீளத்துக்கு ஒரு மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்து மயிலும் பல்லக்கும் வரைகிற வேலை. திருப்பதியிலிருந்தெல்லாம் தேடி வருகிறார்கள். அவள் விளம்பரம் செய்ததில்லை. ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் அடுத்த கல்யாணத்துக்கு வருவார்கள். ஒரு ரவிக்கை கெட்டாலும் அதே வழியில் சேதி போகும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த ஆவணியில் சட்டத்தில் இருந்தது வெளிர் சந்தன நிறப் பட்டு. முதுகுப் பக்கம் முழுக்க ஒரு யானை ஊர்வலம். பாதி யானைகள் முடிந்திருந்தன. தண்ணீர் பட்டால் வட்டமாகக் கறை விழுந்து நிற்கிற துணி. சட்டத்தை வேறு அறைக்கு மாற்றவும் வழியில்லை. அதை அறைக்குள்ளேயே வைத்துப் பொருத்தியிருந்தோம். கதவைவிட அது அகலம். துணியைக் கழற்றினால் இழுப்பு போய்விடும், போட்ட யானைகள் சுருங்கிக்கொள்ளும்.

சோலாருக்கு அவள் சம்மதம் கொடுத்தது இந்தச் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்தபடிதான். ஊசியை நிறுத்தவில்லை.

"போடுங்க. வேணான்னு சொல்லல. ஆனா ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு இந்தத் துணி மேல வுழுந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, அன்னைக்கே நீங்களே மேல ஏறி அத்தனையும் கழட்டிடணும். அப்பறம் இந்த வூட்டு மாடியப் பத்தி என்கிட்ட ஒரு ஐடியாவும் சொல்லக் கூடாது. ஆயுசுக்கும்."

நான் ஒப்புக்கொண்டேன். திருப்பதியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பொருள் காப்பாளனாக வேலை பார்க்கிறேன். அமிலமும் காரமும் நிறைந்த அலமாரிகளுக்கு நடுவே இத்தனை வருடம் ஒன்றும் சிந்தாமல் பார்த்துக்கொண்டவனுக்கு ஒரு மாடியைச் சிந்தாமல் பார்த்துக்கொள்ள முடியாதா என்று நினைத்தேன்.

மேஸ்திரி சித்தூர்க்காரர். தமிழில் தொடங்குவார், அவசரம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார், காசு விவரத்தை இங்கிலீஷில் சொல்வார். மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெறும் கான்கிரீட் கட்டைகளை வைத்து அதன்மேல் தகடுகளை நிறுத்தினால் மலையிலிருந்து இறங்குகிற காற்று தூக்கிவிடும், தளத்தில் துளை போட்டு போல்ட் இறக்கியே ஆகவேண்டும் என்றார்.

"தொள போட்டா ஒழுகாதா?" என்று கேட்டேன்.

"தொள போட்டா ஒழுகும் சார். அடைச்சா ஒழுகாது."

இதைவிடச் சுருக்கமான தொழில்நுட்ப விளக்கத்தை நான் கேட்டதில்லை. அடைப்பதற்கு அவர் சொன்ன முறை எனக்குப் பிடித்திருந்தது. துளையின் தூசியை ஊதி எடுக்க வேண்டும். இரண்டு டப்பா கெமிக்கல் வரும். ஒன்றோடு ஒன்றைக் கலந்து துளையில் ஊற்றி போல்ட்டை இறக்க வேண்டும். சோலாரின் இரும்புக் கால்களைத் தாங்கும் அடித்தகட்டின் கீழேயும் அதையே தடவ வேண்டும். அது இறுகிய பிறகு ஒவ்வொரு அடித்தகட்டைச் சுற்றியும் நாலு பக்கமும் சரிவாகக் கான்கிரீட் கட்டி, அதன்மேல் வலைத்துணி வைத்து ரப்பர் பெயிண்ட். கடைசியில் மழைநீர்க் குழாயை அடைத்து, மாடி நிறையத் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கெமிக்கலை நானே திருப்பதியில் வாங்கினேன். ஒரு செட் போதும் என்றார் மேஸ்திரி. நான் இரண்டு செட் வாங்கினேன். எதையும் இரண்டாக வாங்குவது என் வழக்கம். வீட்டில் இரண்டு டார்ச், இரண்டு சுத்தியல், பிரிக்காத இரண்டாவது இட்லித் தட்டுகூட உண்டு. டப்பாவின் மேல் இருந்த குறிப்புகளை முழுவதும் படித்தேன். மூன்று விஷயங்கள் முக்கியம். கலந்தால் அரை மணிக்குள் பூசிவிட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். கொதிக்கிற தளத்தில் பூசக் கூடாது. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒட்டினேன். மேஸ்திரி அதன்மேல் சட்டையைக் கழற்றி மாட்டினார்.

துளை போட்டது ஒரு புதன்கிழமை. இரண்டு காலண்டரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட காலை நேரம். டிரில் மிஷினுக்குக் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, முதல் துளையை மனைவி கை தொட்டுக் கொடுத்துத் தொடங்கினோம். பதினாறு துளைகள். மறுநாள் மேஸ்திரிக்கு ஏர்பேட்டில் ஒரு வேலை. அடைப்பது வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அதுவரை துளைகளில் செய்தித்தாளை முறுக்கிச் செருகி வைத்தேன். என் தளம் அப்போது சாம்பிராணி வத்தி நட்டு வைத்த வாழைப்பழச் சீப்பு மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எடுத்தேன். முதல் நாளே இரண்டு காலண்டரையும் பார்த்துவிட்டேன். காலையில் ஒரு துர்முகூர்த்தம், அது ஒன்பதே காலுக்குள் போய்விடும். ஒன்பதரைக்குத் தமிழ் நல்ல நேரம் தொடங்குகிறது. பத்தரைக்கு ராகு. நடுவில் முழுதாக ஒரு மணி நேரம். வேலை அரை மணி நேரம். இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது என்று எழுதிவைத்துவிட்டுப் படுத்தேன்.

மேஸ்திரி ஒன்பதரைக்கு வந்தார். டீ குடித்தார். சைக்கிள் பம்ப்பை நான் அடிக்க, ஒவ்வொரு துளையிலிருந்தும் தூசி புகைமாதிரி எழுந்தது. பத்துக்குச் சற்று முன் அவர் பெயிண்ட் பக்கெட்டில் ஒரு டப்பாவை முழுசாகக் கவிழ்த்தார்.

"கொஞ்சம் கொஞ்சமா கலக்கச் சொல்லிக்கீது மேஸ்திரி."

"கொஞ்சம் கொஞ்சமா கலக்கினா கொஞ்சம் கொஞ்சமா சாயங்காலம் ஆயிடும் சார்."

இரண்டாவது டப்பாவும் உள்ளே போனது. ஒரு சவுக்குக் குச்சியால் நன்றாகக் கலக்கினார். சாம்பல் நிறத்தில், கேழ்வரகுக் கூழ் பதத்தில் வந்தது. கொத்துக் கரண்டியை உள்ளே விட்டு ஒரு கரண்டி எடுக்கப் போனார். அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். கழுத்தில் அளவு டேப் தொங்க என் மனைவி ஓடி வந்தாள்.

"நிறுத்துங்க! கைய வெக்காதீங்க! வர்ஜ்யம் பொறந்துடுச்சு!"

"வர்ஜ்யமா? நான் பாத்தனே, இன்னைக்கு ஒண்ணும் போடல."

"போட்டுக்கீது! அடியில போட்டுக்கீது! இந்த டேப்ப அந்த ஆணியிலதான மாட்டி வெச்சிருந்தேன், அது மறைச்சுகினு இருந்துது. கை அளவு எடுக்கறதுக்கு இப்பதான் எடுத்தேன். பத்திலிருந்து பதினொன்றர."

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து அடித்துக் கொஞ்ச நேரமாகியிருந்தது. மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் முகம் மாறிவிட்டது. கரண்டியைப் பக்கெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார், ஷாக் அடித்தவர்போல.

"வத்து சார், வேணாம். வர்ஜ்யம்ல அடைச்சா நிக்காது. ஏர்பேடுல ஒரு வூட்ல வர்ஜ்யம்னு தெரியாம மோட்டார் எறக்கினாங்க. இன்னைக்கு வரைக்கும் காத்துதான் வருது."

"மேஸ்திரி, இது கெமிக்கல். கலந்தாச்சு. அரை மணியில கல்லாயிடும்."

"ஆவட்டும் சார். கெமிக்கல் போனா வேற வாங்கிக்கலாம்."

"நீங்க வாங்கல."

"அதுக்குத்தான் சார் சொல்றேன்."

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் யானை ஊர்வலம் முழுவதும் இருந்தது. "என் தலைக்கு மேல பதினாறு ஓட்ட. அத அடைக்கறதுக்கு உங்களுக்கு வர்ஜ்யம்தான் கெடச்சுதா?"

"ஓட்டை போட்டதுதானே ஆரம்பம்? அது நல்ல நேரத்துல ஆச்சு. அடைக்கறது முடிவு. முடிக்கறதுக்குமா நேரம்?"

இது நல்ல வாதம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவள் அதை ஒரு நொடியில் தள்ளிவிட்டாள்.

"கொழந்தைக்குக் காது குத்தறது ஒரு நேரம், கம்மல் போடறது வேற நேரமா? ஓட்ட போட்டது கெடுக்கறது. அடைக்கறதுதான் வேல. வேல ஆரம்பிக்கணும்னா நேரம் வேணும்."

மேஸ்திரி தலையை ஆட்டினார். "அம்மா சொல்றது கரெக்ட்."

பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கெட்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஆய்வகத்தில் இந்த மாதிரி சூட்டை நான் அறிவேன். மொத்தமாகக் கலந்தால் அது தன்னைத்தானே கொதிக்க வைத்துக்கொள்ளும். மேலே இலேசாகப் புகை கிளம்பியது. குச்சியைப் பிடித்து இழுத்தேன். பக்கெட் சேர்ந்து வந்தது. கரண்டியை இழுத்தேன். அதற்கும் பக்கெட் சேர்ந்து வந்தது. கீழே வைத்தபோது கல் வைத்த சத்தம் கேட்டது. குச்சியும் கரண்டியும் நேராக நின்றன, பொங்கல் பானையில் கரும்பு சாத்தி வைத்ததுபோல.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். "சார், அது என் கரண்டி."

நான் பக்கெட்டை ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

மூவரும் கூடத்துக்கு இறங்கி வந்து காலண்டர்களுக்கு முன்னால் நின்றோம். இரண்டாவது செட் பரணில் இருந்தது. இரண்டு வாங்கியதை அன்று யாரும் கேலி செய்யவில்லை. அது ஒன்றுதான் மிச்சம். வர்ஜ்யம் முடிவதற்குள் ராகு வந்துவிடும், அது பன்னிரண்டுக்குப் போகும். பன்னிரண்டரை வாக்கில் இரண்டாவது துர்முகூர்த்தம். அது கழிந்தால் மூன்று மணி வரை வெற்றிடம். மூன்றுக்கு எமகண்டம்.

"ஒண்ணரைக்கு மேல ஏறுவோம். அதுக்குள்ள நான் துன்னுட்டு வந்துடறேன்" என்றார் மேஸ்திரி.

இப்போது தடுத்தது நான். ஒன்றரை மணி வெயிலில் எங்கள் மாடியில் தோசை சுடலாம். கொதிக்கிற தளத்தில் பூசக் கூடாது என்று டப்பா சொல்கிறது. பூசினால் உள்ளே கொப்புளம் விழும், கொப்புளத்தின் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

"டப்பா சொல்லுதாம்" என்றாள் மனைவி மேஸ்திரியிடம். "வர்ஜ்யத்த நம்ப மாட்டாரு. டப்பாவ நம்புவாரு."

"மூணாவது காலண்டர் அம்மா" என்றார் மேஸ்திரி.

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். ஆனால் டப்பாவையும் மீறத் துணியவில்லை. சாமியோ டப்பாவோ, எழுதி வைத்திருப்பதை மீறுவதில்லை என்பதில் எங்கள் வீட்டில் ஒருவித ஒற்றுமை இருக்கிறது. ஆகவே மறுநாள் காலை என்று தீர்மானித்து மேஸ்திரிக்குச் சாப்பாடு போட்டோம். அவர் சாப்பிட்டுவிட்டுப் படிக்கட்டு நிழலில் படுத்தார். கரண்டி இல்லாமல் வேறு வேலைக்கும் போக முடியாது என்றார்.

சரியாக மூன்று மணிக்கு அறையில் வெளிச்சம் குறைந்தது. மனைவி ஊசியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். நான் மாடிக்கு ஓடினேன். நாராயணவனத்து மலையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் கருநீலமாக ஒன்று நின்று எங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. காற்றில் மண் வாசனை. மறுபடி செருகியிருந்த செய்தித்தாள் முறுக்குகளில் இரண்டு பறந்துபோய்த் துளைகள் வாயைத் திறந்திருந்தன. தார்பாய் போடலாம் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் எங்கள் தளம் வாஸ்துப்படி ஈசானியத்துக்குச் சாய்ந்தது. மேலே விழும் மழை எல்லாம் தார்பாயின் அடியில் புகுந்து, பதினாறு துளைகளையும் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டுதான் மூலைக்குப் போகும்.

தளத்தில் உள்ளங்கையை வைத்தேன். மேகம் மறைத்ததில் சூடு இறங்கியிருந்தது. டப்பாவின்படி பூசுவதற்கு இதைவிட நல்ல நேரம் இல்லை. காலண்டரின்படி இதைவிடக் கெட்ட நேரம் இல்லை.

மனைவி மேலே வந்திருந்தாள். பின்னால் மேஸ்திரி, கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"சார், எமகண்டம்" என்றார், நான் எதுவும் சொல்வதற்குள்.

அவள் வானத்தைப் பார்த்தாள். துளைகளைப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் நின்ற பக்கெட்டைப் பார்த்தாள். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இத எப்ப கலக்கினீங்க?"

"காலையிலம்மா."

"காலையில எப்ப? வர்ஜ்யத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். இந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. "முன்னாடி. பத்து அடிக்கறதுக்கு முன்னாடியே கலந்தாச்சு. சுத்தமான நல்ல நேரம்."

"அப்ப பரஸ்தானம் வெச்சாச்சு" என்றாள் அவள்.

எங்கள் பக்கத்தில் பரஸ்தானம் தெரியாதவர்கள் இல்லை. ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாளில் நேரம் சரியில்லை என்றால், அதற்கு முந்தைய நல்ல நேரத்திலேயே ஒரு துணிப்பையை எடுத்துப் போய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவோம். பை கிளம்பிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் எமகண்டத்தில் கிளம்பினாலும் பாதகமில்லை. அது தொடர்ச்சிதான், தொடக்கம் இல்லை. திருமலைக்குப் போக என் மனைவி வைத்த பரஸ்தானப் பை ஒருமுறை எங்களை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டாரோடு தவறுதலாக மலையேறி, மொட்டை போட்டவர்களோடு திரும்பி வந்தது. அப்போதும் பயணம் நல்ல நேரத்தில் தொடங்கியது என்பதில் அவளுக்கு ஐயம் இருக்கவில்லை.

"வேல நல்ல நேரத்துலயே ஆரம்பிச்சு, அதோ நிக்குது பாருங்க, கல்லு மாதிரி" என்றாள் பக்கெட்டைக் காட்டி. "இப்ப செய்யறது மிச்ச வேல. மிச்சத்துக்கு எமகண்டம் ஏது? வேலையில எறங்குங்க அண்ணா!"

மேஸ்திரியின் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்க மாட்டேன். மழையைவிட எமகண்டம் அவரை அதிகம் பயமுறுத்தியிருந்தது. "சரே அம்மா, சரே" என்று லுங்கியை மடித்துக் கட்டினார். உடனே நின்றார். "கரண்டி?"

அவள் கீழே ஓடி, தோசைத் திருப்பியோடு வந்தாள்.

அடுத்த அரை மணியில் நான் சைக்கிள் பம்ப்பை அடித்த வேகத்துக்கு ஒரு லாரி டயரே நிறைந்திருக்கும். இந்த முறை, பரணிலிருந்து இறக்கிய இரண்டாவது செட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம். கலந்தது என் மனைவி. அவள் விகிதம் பிசகாமல் கலக்கி நீட்ட, மேஸ்திரி தோசைத் திருப்பியால் துளையில் வழித்துவிட்டு போல்ட்டைத் திருகி இறக்க, பக்கவாட்டில் பிதுங்கியதை நான் தடவினேன். அடித்தகடுகளை உட்கார வைத்து முடிக்கும்போது முதல் தூறல் என் பிடரியில் விழுந்தது.

"இறுகறதுக்குள்ள தண்ணி படக் கூடாது" என்று கத்தினேன்.

அவள் மறுபடியும் கீழே ஓடினாள். வரும்போது சமையலறையே வந்தது. பருப்பு டப்பா, சாம்பார் வாளி, குக்கர், என் டிபன் கேரியரின் அடுக்குகள், பிரிக்காத அந்த இரண்டாவது இட்லித் தட்டின் பாத்திரம். பதினாறு போல்ட்டுகளுக்கும் பதினாறு பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தோம். ஓரங்களில் மேஸ்திரி ஈர மண்ணை அப்பினார். இடி இடித்தது. மாடியெங்கும் எவர்சில்வர் பாத்திரங்களின் மேல் மழை அடித்த சத்தத்தில் தெருவே வெளியே வந்து பார்த்தது.

எதிர்வீட்டம்மா சன்னலிலிருந்து கேட்டார், "இன்னாம்மா, மாடியில விருந்தா?"

"ஆமாங்க, மழைக்கு!" என்று இவள் பதில் கொடுத்தாள், நனைந்தபடி.

பிறகு மூவரும் அறைக்குள் ஓடினோம். யானை ஊர்வலத்தின் மேல் அவள் ஒரு பழைய போர்வையைப் போட்டிருந்தாள். அதை எடுத்துவிட்டுச் சட்டத்தைச் சுற்றி நின்று மேலே பார்த்தோம். வெள்ளையடித்த கூரை. மழை சோவென்று பெய்தது. எங்கள் கழுத்து வலித்தது. கூரையில் ஒன்றும் இல்லை.

அப்போது 'டப்' என்று ஒரு சொட்டு, சட்டத்தின் மரத்தின் மேல், கடைசி யானையின் தும்பிக்கைக்கு ஒரு விரல் தள்ளி விழுந்தது.

அவள் அலறினாள். மேஸ்திரி "கோவிந்தா" என்றார். நான் கூரையில் அந்த இடத்தைத் தேடினேன். இரண்டாவது சொட்டு விழுந்தது. அவள் மேலே பார்ப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"மூக்கு! உங்க மூக்குல இருந்துதான் சொட்டுது! தள்ளி நில்லுங்க!"

தலை முழுக்க நனைந்து, துணியின் மேல் குனிந்தபடி நின்றவன் நான்தான். அந்த அறையில் அன்று ஒழுகியது நான் மட்டுமே. போர்வையை எனக்குப் போர்த்தி வாசலுக்குத் தள்ளினாள்.

இறுகிய பிறகு கான்கிரீட் சரிவுகளும் வலைத்துணியும் ரப்பர் பெயிண்ட்டும் முறைப்படி நடந்தன. அவற்றுக்கு யாரும் காலண்டர் பார்க்கவில்லை. எல்லாம் மிச்ச வேலைதான். மழைநீர்க் குழாயை அடைத்து மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டோம். அந்த இரண்டு நாளும் அவள் கீழே யானைகளுக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். கூரை காய்ந்தே இருந்தது. மூன்றாம் நாள் ரவிக்கையைச் சட்டத்திலிருந்து கழற்றினாள். பெண்ணின் தாயார் வந்து வாங்கிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடுத்த பெண்ணுக்கும் இப்போதே சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

கல்லான பக்கெட்டை எறிந்துவிடலாம் என்று நான் இரண்டு முறை தூக்கினேன். இரண்டு முறையும் அவள் தடுத்தாள். பிளாஸ்டிக் பக்கெட் வெயிலில் வெடித்து உதிர்ந்துபோக, உள்ளே இருந்த சாம்பல் உருண்டை மட்டும் குச்சியோடும் கரண்டியோடும் மாடிப்படி முகப்பில் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தாள். மேஸ்திரி கரண்டியைக் கேட்டு வந்தவர் அதைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்மா, வேற வாங்கிட்டேன்" என்று சொல்லி, போகிறபோது அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புது மீட்டர் மாட்ட வந்த கரண்ட் ஆபீஸ்காரர் படியின் கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்த ஊர் அம்மன் சார்?" என்று கேட்டார்.

நான் கெமிக்கலின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னாலிருந்து என் சட்டை இழுபட்டது.

"எங்க வூட்டு சாமிங்க" என்றாள் மனைவி. "ஒழுகாம காக்குது."

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. அதே மரச்சட்டம், அதில் இப்போது பச்சைப் பட்டு, மயில்கள். வாசற்படியில் நின்று நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பார்க்கவில்லை. ஊசியில் மணி கோத்துக்கொண்டே கேட்டாள்.

"மேல சாமி நனையுதா?"

"நனையுது."

"நனையட்டும். நீங்க மட்டும் உள்ள வராதீங்க."